நம்பிக் கொடுத்த ஐம்பது பேசோ



கெட்ட சகவாசத்தில் உழன்ற பையன் கையில் பணத்தைக் கொடுத்து, காவலின்றிக் கடைக்கு அனுப்பலாமா? அனுப்புகிறவர் விவேகியா, ஏமாளியா?

மெக்ஸிகோ நகரின் தெருப்பிள்ளைகளைப் பற்றி லூயிஸ் புனுவல் 1950-ம் ஆண்டு எடுத்த "லோஸ் ஒல்விதாதோஸ்" படத்தில் இக்கேள்வி எழுகிறது. பெயருக்கு 'மறக்கப்பட்டவர்கள்' என்று பொருள். தேசத்துக்கு இழுக்கு என்று அந்நாட்டார் கொதித்தெழ, சில நாட்களிலேயே கொட்டகையை விட்டுப் போன படம் அது. மறு வருஷம் கான் விழாவில் புனுவல் பரிசு பெற்றார். அப்புறம் வசைபாடியோர் வாயடைத்தது. உலக வழக்கந்தானே!

பெத்ரோ என்ற சிறுவனைப் பெற்ற தாயே வெறுக்கிறாள். பசியென்று வந்தாலும் உணவு கொடுக்க மறுக்கிறாள். கும்பல் தலைவன் ஹாய்போ திருடிய கத்திக்குப் பழி இவன் தலையில் விழுகிறது. பண்ணைப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே ஆத்திரத்தில் இரண்டு கோழிகளை அடித்துக் கொல்கிறான். பள்ளித் தலைவரோ அவனிடம் ஐம்பது பேசோவைக் கொடுத்து, சிகரெட் வாங்கி வரும்படி வாசற்கதவைத் திறந்து விடுகிறார். பையன் ஓடிப்போக நினைக்கவில்லை. வெளியே காத்திருந்த ஹாய்போ பணத்தைப் பிடுங்கிக் கொள்கிறான். முடிவில் பெத்ரோவின் உயிரும் அவன் கையாலேயே போகிறது.

"பார்த்தீரா, நம்பியது தப்பு!" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். இப்படத்துக்கு வேறொரு முடிவும் எடுக்கப்பட்டிருந்தது. பல்லாண்டுகளுக்குப் பின்னரே அது வெளிப்பட்டது. அதில் ஹாய்போ மடிகிறான். பெத்ரோ பணத்தை மீட்டுக்கொண்டு பள்ளிக்குத் திரும்புகிறான். இரு முடிவிலும் தலைவர் செய்த காரியம் ஒன்றே. ஒன்றில் புண்ணியமானது மற்றதில் குற்றமாவது எப்படி? வாசலில் நின்றபோது அவர் எதை அறிந்திருந்தாரோ, அதைக் கொண்டல்லவா அவரைத் தீர்க்க வேண்டும்?

ஆயினும் அவரை முற்றிலும் விடுவிக்க என் மனம் ஒப்பவில்லை. பையனை நம்பினார், சரி. தெருவையும் சேர்த்து நம்பிவிட்டாரே! தொலைவில் ஒருவரைப் பின்தொடரச் செய்திருக்கலாம். ஆனால் அதைப் பையன் கண்டிருந்தால்? பிறந்தது முதல் யாரும் அவனுக்குக் கொடாத ஒன்றை அக்கணமே திரும்பப் பறித்ததாகுமே. இவ்விடத்தில் எனக்கும் தீர்ப்புச் சொல்ல நா எழவில்லை.

பெத்ரோவின் சடலத்தைக் கழுதை மேலேற்றிக் குப்பைமேட்டுக்குக் கொண்டு போகிறார்கள். அதே வழியில், மகனைத் தேடி அலையும் தாய் எதிர்ப்படுகிறாள். மூட்டையில் இருப்பவன் யாரென்று அறியாமலே கடந்து போகிறாள்.