"அவன் திருடன்தானே?"

என் மூத்த மகனுக்கு இந்த ஆண்டு 17 வயது. சென்ற மாதம்தான் மோட்டார் லைசென்ஸ் எடுத்தான். சாவியைக் கையில் கொடுக்கும் முன் அவனை உட்கார வைத்துப் பேசினேன். ஹெல்மெட், வேகம், மழை எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் முழுக்கப் போலீஸ் பற்றித்தான்.

"ரோட் பிளாக்கில நிறுத்தினா முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணு. ரெண்டு கையும் தெரியிற மாதிரி வச்சுக்க. ஐ.சி. எடுக்கும் முன்னே 'எடுக்கட்டுமா துவான்'னு கேளு. மலாயில பேசு, மெதுவா பேசு. எதிர்த்துப் பேசாத. ஓடாத."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒன்று கேட்டான். "என் கூடப் படிக்கிற எல்லாப் பையனுங்க வீட்லயும் இதைச் சொல்லிக் குடுப்பாங்களாப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை.

அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளிடம் இதையேதான் பேசி வருகிறார்கள். அங்கே அதற்கு 'த டாக்' என்று பெயரே இருக்கிறது. ஆனால் 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த தாமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன், போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுடப்பட்டான். மறுநாள் இறந்துபோனான். கீழ்ப்படிவதற்குக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லையே! எந்தத் தாயின் புத்திமதி அவனைக் காப்பாற்றியிருக்கும்?

நம் புத்திமதியில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. 'நீ ஒழுங்காக இருந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்லும்போதே, 'எவனுக்காவது ஏதாவது ஆனால் அவன் ஒழுங்காக இருந்திருக்க மாட்டான்' என்பதையும் சேர்த்தே பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

இதற்கு நானே சாட்சி. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில், கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட குகன் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் கேட்டுச் செய்த இரண்டாவது பரிசோதனையில், அடித்த அடியில் சிறுநீரகம் செயலிழந்தது தெரிந்தது. 2013இல் உயர்நீதிமன்றமும் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளிகள் என்று தீர்ப்பளித்தது.

செய்தி வந்த வாரம், வழக்கமான ஒட்டுக்கடையில் நண்பர்களோடு தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். மேசையில் பேப்பர் விரிந்திருந்தது. "கார் திருடன்தானே, வேற எப்படி முடியும்?" என்றேன். யாரும் மறுக்கவில்லை. சிலர் தலையாட்டினார்கள். வீட்டில் என் மகனுக்கு அப்போது இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை.

2020 மே மாதம் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை வைத்து அழுத்தினார். கள்ளநோட்டு 20 டாலர் கொடுத்தார் என்பதுதான் சந்தேகம். அவர் இறந்த பிறகு அவருடைய பழைய சிறைக் கணக்கைத் தோண்டி எடுத்து, 'யோக்கியன் இல்லையே' என்று பேசியவர்கள் மீது எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது. பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அது ஒட்டுக்கடையில் நான் சொன்ன அதே வசனம்!

குகன் வழக்கில் காயம் விளைவித்ததாகத் தண்டனை பெற்ற ஒரே போலீஸ்காரரும் ஓர் இந்தியர்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. எல்லாப் போலீஸும் கெட்டவர்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. என் சித்தப்பா மகனே போலீஸில்தான் இருக்கிறான், நல்லவன். குண்டர் கும்பலில் சேர்ந்து சீரழியும் நம் பையன்களையும் பார்க்கிறேன். ஆனால் லோக்காப்பில் ஒருவன் அடிபட்டுச் சாவதற்கு அதெல்லாம் காரணமாகுமா?

'அவன் கர்மா' என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. கர்மா என்பது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று எனக்கு உணர்த்துவதற்காக வந்தது. அடுத்தவன் சாவுக்குச் சர்டிஃபிகேட் எழுதிக் கொடுப்பதற்காக வரவில்லை. அடித்தவன் கைக்கும் வினை உண்டு. பார்த்துவிட்டு 'திருடன்தானே' என்ற வாய்க்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில், உடம்பு இறைவன் குடியிருக்கும் ஆலயம் என்று திருமூலர் சொன்னதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். கார் திருடியவன் உடம்பு மட்டும் அதில் சேராது என்று அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

போன வாரம் மகனோடு மறுபடி உட்கார்ந்தேன். பழைய அறிவுரை எதையும் நான் திரும்பப் பெறவில்லை. என்ன செய்வது, அவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமே! கூடவே வேறு சிலதைச் சொன்னேன். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு இது. "திருடனுக்கும் இதேதான், தம்பி. உனக்கு ஏதாவது ஆனா அது உன் தப்புன்னு நான் நினைக்க மாட்டேன். அடுத்தவன் பிள்ளைக்கு ஆனா நீயும் அப்படி நினைக்காத."

பிறகு 2009இல் ஒட்டுக்கடையில் நான் சொன்னதையும் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க அம்மா இப்ப எங்கப்பா இருக்காங்க?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அதை நான் யோசித்ததே இல்லை.