பாட்டிலின் மறுபிறவியும் ஏரி வாரியமும்

உத்திரமேரூர் கல்வெட்டு என்றதும் குடவோலை முறைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு தடை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம்.

இன்றைக்கு அந்த ஏரிக்கரையில் கிடக்கும் தண்ணி பாட்டிலுக்கு யார் கணக்குக் காட்டுவது? "காயலான் கடைக்குப் போயிடும், உருக்கி வேற ஏதாவது பண்ணிடுவாங்க" என்பது நம் சமாதானம். உருக்காமல் இன்னொரு வழியும் உண்டு. பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் நீண்ட பாலியெஸ்டர் சங்கிலி. அதைத் துண்டாக்கி, கிளைக்கால் ஊற்றி, துத்தநாக அசிட்டேட் போன்ற வினையூக்கியோடு 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கினால் சங்கிலி அறுந்துவிடும். பிறகு மாலெயிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரியவைத்து ஸ்டைரீனில் கரைத்தால் ரெசின். கண்ணாடி இழையில் பூசி இறுகவிட்டால் நாம் 'பைபர்' என்று சொல்லும் பொருள்: கூரைத் தகடு, கதவு, படகு.

ஒரு மணி நேரத் தாகத்துக்கு வந்த பொருள் பல வருஷம் உழைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இறுகும்போது ஸ்டைரீன் அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டிப்போடுகிறது. அதற்கப்புறம் உருக்க முடியாது. வெந்த இட்லி மறுபடி மாவாகுமா? அமெரிக்காவின் காஸ்பர் நகரில் பழைய காற்றாலை இறக்கைகளை மண்ணில் புதைத்தார்களே, அவையும் இப்படி இறுகிய பொருள்தான்.

அப்போ இது தீர்வா, பேரப்பிள்ளைகள் தலையில் கட்டும் கடனா? தள்ளிப்போடுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்க வேண்டிய ரெசினுக்குப் பதிலாக இது வந்தால், அந்த அளவுக்கு லாபம். "எப்படியும் படகாயிடும்ல" என்று நாம் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கினால், அந்த லாபமும் போச்சு.

2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் பாட்டிலைச் சந்தைக்குக் கொண்டுவருபவரிடம் பொறுப்பைக் கேட்கின்றன. பாட்டில் படகாகி, படகும் உடைந்தபின் யாரைக் கேட்பது? பாட்டில்காரரையா, ரெசின்காரரையா, அதை ஓட்டிப் பிழைத்த மீனவரையா? மீனவர் தலையில் விழுந்தால் அது அநியாயம். அந்தக் கல்வெட்டு கணக்கைத் தனி ஆளோடு முடிக்கவில்லை, உறவுக்கும் நீட்டியது. பாட்டிலுக்குப் பிறந்த பைபரும் அதன் உறவுதான். லாபம் பார்த்தவர்கள் அதன் கடைசி நாள்வரை கணக்கில் இருக்க வேண்டும். குடித்துவிட்டு எறிந்த நாமும்தான்.