தன்னால் வரும் பயம்

உடம்பில் காய்ச்சலோ நோவோ ஏதுமின்றி, வேளைக்கு உண்டு, வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கும் ஒரு மனிதன், தன் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுக்கும்படி தானே வலியப் போய் வரிசையில் நிற்பானேயாகில், அவன் உண்மையில் தேடுவது என்ன என்ற கேள்வி வைத்திய சாஸ்திரத்தின் எல்லைக்குள் அடங்கிவிடுவதன்று. நோயுற்றவன் மருத்துவனை நாடுவது உலக இயல்பு. தான் நோயுற்றவனா அல்லனா என்பதையே அறியாதவன், அதை அறிந்தே தீரவேண்டும் என்று தவிப்பது வேறு வகையைச் சேர்ந்தது. அதில் மனிதனுடைய அச்சமும், சந்தேகத்தைச் சகியாத அவனது சுபாவமும், பிறர்பால் அவனுக்குள்ள கடமை உணர்ச்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கொரோனாக் காலத்தில் நம் கண்ணெதிரே நடந்த இந்தக் காரியத்தை, அந்த நாட்களின் பரபரப்பு அடங்கிய பிறகாவது, நிதானமாக விசாரிக்க வேண்டியது அவசியம் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அம்மாதம் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. சோழ மண்டலக் கரை தெற்கு நோக்கி ஓடிவந்து, சட்டென்று மேற்கே திரும்புகிற முனையில் இருக்கும் கோடியக்கரை, ஒரு புறம் வங்கக் கடலும் மறுபுறம் பாக் நீரிணையும் சூழ, வெளிமான்கள் திரியும் காடும் பூநாரைகள் இறங்கும் சதுப்பு நிலமுமாக, உலகத்தின் சந்தடிகளுக்கு அப்பால் ஒதுங்கிக் கிடப்பதுபோலத் தோன்றும் ஊர். ஆயினும் ஒதுங்கிய ஊர் என்று இக்காலத்தில் எதுவும் இல்லை. ஐப்பசிக்குப் பிறகு மீன்பிடிப் பருவத்தில் வெளியூர் மீனவர்கள் இங்கே வந்து கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். அகத்தியம்பள்ளி, வேதாரண்யம் உப்பளங்களிலிருந்து உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் நெடுந்தூரம் போய்வருகின்றன. டெல்டாவின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கிறார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் வேலை செய்தவர்கள் தத்தம் கிராமங்களுக்குத் திரும்பியபோது, நோயும் அவர்களோடு பல மாவட்டங்களுக்குப் பயணப்பட்டதை நாம் அறிவோம். உழைத்துக் களைத்து வீடு திரும்பிய அந்த மக்களில் எவரும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். தாய் முகம் பார்க்கவும் தன் வீட்டுச் சோறு உண்ணவுமே அவர்கள் வந்தார்கள்.

சோதனையை நாடியவர்கள் எல்லோரும் ஒரே நோக்கத்தோடு நாடவில்லை. விமானம் ஏறுவதற்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த சான்றிதழ் வேண்டும் என்பதற்காகச் சிலர் போனார்கள். தொழிற்சாலை வாசலில் கேட்டார்கள் என்பதற்காகச் சிலர் போனார்கள். அவ்வாண்டு மண்டல காலத்தில் சபரிமலைக்குப் போன பக்தர்கள்கூட, விரத நியமங்களோடு, நோயில்லை என்று சொல்லும் காகிதம் ஒன்றையும் கையில் கொண்டுபோக வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் வெளியார் விதித்த நிர்ப்பந்தம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். நிர்ப்பந்தம் ஏதுமில்லாமல், இரவு தூக்கம் பிடிக்காமல், விடிந்ததும் அரசாங்க ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தவனுடைய மனநிலையே நமது விசாரணைக்கு உரியது.

அவனை முதலில் நடத்திச் சென்றது சந்தேகம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில், சித்தாந்தப் பொருளை விரிப்பதற்கு முன்பாகவே அளவை இலக்கணத்தை வைத்தார். எதை அறிகிறோம் என்பதற்கு முன்னர் எவ்வாறு அறிகிறோம் என்று கேட்கும் அந்த ஒழுங்கு நம் மரபின் பெருமை. காண்டல், கருதல், உரை என்ற மூன்று வழிகளையும் அங்கே வகுத்துக் காட்டி, ஐயமும் திரிபும் அறிவை எவ்வாறு கெடுக்கும் என்பதையும் அவர் ஆராய்கிறார். இந்த நோயின் விஷயத்தில் காண்டல் என்பதற்கே இடமில்லை. கிருமி கண்ணுக்குப் புலப்படாது. காய்ச்சலும் இருமலும் இருந்தால் அவற்றைக் கொண்டு கருதி அறியலாம். ஆனால் புகையே காணாத இடத்தில் நெருப்பை எதைக் கொண்டு அநுமானிப்பது? குறி ஏதும் காட்டாமலே ஒருவன் உடலில் குடியிருந்து, அவன் மூச்சின் வழியே அடுத்தவனைச் சேரும் ஆற்றல் இந்தக் கிருமிக்கு இருந்தது. ஆகவே அவனுக்கு எஞ்சியது உரை ஒன்றுதான்: ஆய்வுக்கூடத்தின் வாக்கு.

அந்த வாக்கு பிறக்கும் விதமும் அறியத்தக்கது. கிருமியின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, வெப்பத்தை ஏற்றியும் இறக்கியும், சுற்றுக்குச் சுற்று அதை இரட்டிக்கச் செய்து, முப்பது நாற்பது சுற்றுகளுக்குள் இல்லாததுபோல் இருந்ததைக் கருவியின் பார்வைக்கு எட்டவைக்கிறார்கள். கேரி மல்லிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1983-இல் கண்டு, 1993-இல் நோபல் பரிசு பெற்ற உத்தியின் வழிவந்தது இது. தமிழ்நாடு விரைவுச் சோதனைகளை நம்பியிராமல் இந்த ஆர்.டி.பி.சி.ஆர். முறையையே பெரிதும் கைக்கொண்டது நல்ல முடிவு என்பது என் எண்ணம். ஆனால் எவ்வளவு நுட்பமான கருவியும், பஞ்சுக் குச்சி தொட்ட கணத்தைப் பற்றித்தான் பேச முடியும். தொற்றிய மறுநாளே எடுத்தால் உள்ள கிருமி இல்லை என்று வரலாம். நோய் நீங்கிச் சில வாரங்கள் ஆன பின்னும் இறந்த கிருமியின் சிதறல்களைக் கண்டு உண்டு என்று வரலாம். ‘நெகட்டிவ்’ என்ற ஒரு சொல்லை இனி வரும் நாட்களுக்கெல்லாம் கிடைத்த அபயமாகக் கொண்டு, கல்யாண வீட்டுக்கும் கருமாதி வீட்டுக்கும் கவலையின்றிப் போனவர்கள் உண்டு. அது அறிவன்று, திரிபு. தன்னைப் பற்றிய நிரந்தரமான நிச்சயத்தைத் தேடிச் சோதனைக்குப் போனவன் அதைப் பெற்றுத் திரும்பவில்லை. அத்தகைய நிச்சயத்தை வழங்கும் ஆய்வுக்கூடம் எந்த நாட்டிலும் இல்லை.

இங்கே பக்தர்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆட்சேபம் எழுந்தது. ஈசன் துணையிருக்கும்போது இந்தச் சோதனையெல்லாம் எதற்கு என்று மனப்பூர்வமாகவே கேட்டவர்கள் இருந்தார்கள்; அவர்களை மூடர் என்று தள்ளிவிடுதல் தகாது. கோடியக்கரைக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேதாரண்யம் என்ற திருமறைக்காட்டில்தான், மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரை அப்பர் பெருமான் தடுத்து, கோள்களின் நிலை நன்றாக இல்லை என்று கவலைப்பட்டார் என்பதும், சிவபெருமான் உள்ளத்தில் இருக்கையில் நாளும் கோளும் அடியாரை என்ன செய்யும் என்ற கருத்தமைந்த கோளறு பதிகத்தைப் பாடிச் சம்பந்தர் புறப்பட்டுவிட்டார் என்பதும் இந்த வட்டாரத்தில் சிறுவர்களும் அறிந்த சரித்திரம். அந்தத் துணிவு மகத்தானது. ஆனால் சம்பந்தப் பெருமான் ஏற்றுக்கொண்ட அபாயம் தம்முடைய தலைக்கு வரக்கூடிய அபாயம். என் மூச்சில் இருக்கும் கிருமியைப் பற்றி நான் அஞ்சாதிருப்பேனாகில், அந்த அஞ்சாமைக்கு விலை கொடுப்பவள் திண்ணையில் படுத்திருக்கும் என் வயோதிகத் தாயாக இருக்கலாம். தன் உயிரை இறைவனிடம் ஒப்படைப்பது பக்தி. அடுத்தவருடைய உயிரை அவரைக் கேளாமலே பணயமாக வைத்துவிட்டு அதற்கும் பக்தி என்று பெயர் சூட்டுவதை நம் சமயாசாரியர்கள் எங்கும் அங்கீகரித்ததாக நான் காணவில்லை.

இதைவிட நெருக்கமான நீதி திருவாரூரில் இருக்கிறது. மனுநீதிச் சோழனின் மகன் தேரேறி வீதியில் வந்தபோது, துள்ளி ஓடிவந்த இளங்கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. இளவரசன் அதைக் காணவில்லை, கொல்ல எண்ணவுமில்லை. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அறியாமல் நேர்ந்த குற்றத்துக்குச் சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் உண்டு என்று அமைச்சர்கள் எடுத்துரைத்தார்கள். அரசன் அதற்கு இணங்கவில்லை. உயிர்களைக் காக்கும் மன்னன் அவற்றுக்கு நேரக்கூடிய ஐந்து வகைப் பயங்களைப் போக்கக் கடமைப்பட்டவன் என்று அவன் பேசுவதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் அமைத்திருக்கிறார். பகைவர், கள்வர், பிற உயிர்கள் ஆகியோரால் வரும் பயங்களும், தன் பரிவாரத்தால் வரும் பயமும் அந்தக் கணக்கில் உள்ளன. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது அரசனாகிய தன்னாலேயே பிற உயிர்களுக்கு வரும் பயம்.

அந்த வரிசையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பு உண்டாகிறது. பயத்தை வெளியில் தேடுவதே மனித இயல்பு. நோய் சீனாவிலிருந்து வந்தது, சந்தையிலிருந்து வந்தது, அந்தத் தெருவிலிருந்து, அந்த மதத்தாரிடமிருந்து வந்தது என்று விரல் நீட்டிப் பேசிய நாட்களை நாம் கண்டோம். அந்நாட்களில் ஒருவன், ‘என்னால் யாருக்காவது வருமோ?’ என்று கேட்டுக்கொண்டு சோதனைக்குப் போனானென்றால், அவன் படித்தவனோ படியாதவனோ, சேக்கிழார் முதலில் வைத்த பயத்தை முதலில் கவனித்தவன் ஆகிறான். மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனின் தண்டனை கொடியது. அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. இளவரசனுக்கு முன்னறிவு பெறும் வழி இல்லை. நமக்கு அந்த வழி இருந்தது. கன்று மடிந்த பின் செய்யும் பிராயச்சித்தத்தைக் காட்டிலும், தேரை எடுக்குமுன் வீதியைப் பார்த்துக்கொள்ளும் விசாரம் மேலானது. நோய் வந்த புதிதில் டெல்டாப் பகுதிக்கு அண்மையில் கிடைத்த பரிசோதனைக்கூடம், கல்தேர் இன்றும் நிற்கிற அதே திருவாரூரின் அரசு மருத்துவக் கல்லூரியில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் மனம் அதை எளிதில் மறக்க மறுக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, சோதனைக்கு வராதவர்கள் எல்லோரும் தர்மம் தெரியாதவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டால் அதைவிடப் பெரிய அநீதி வேறில்லை. நோய் உண்டு என்று தெரிந்தால் தெருவார் என்ன செய்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020 ஏப்ரலில், இந்த நோயால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்த செய்தி கோடியக்கரை வரையிலும் எட்டியிருந்தது. வாசலில் தகரம் அடித்தார்கள். சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். உரிய அதிகாரியின் உத்தரவின்றி அவ்வாறு ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு அவ்வாண்டு டிசம்பர் ஆகிவிட்டது.

நம் கிராமங்களுக்கு வாசலில் அடையாளம் வைப்பது புதிதன்று. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகினார்கள், அந்நியர் படி ஏறவில்லை, வீட்டில் தாளிக்கவில்லை, தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரையில் எல்லோரும் ஒடுங்கியிருந்தார்கள். அதுவும் தனிமைதான். ஆனால் வந்திருப்பவள் மாரியம்மன் என்ற நம்பிக்கையினால் அந்த வீட்டுக்கு அவமானம் நேரவில்லை. இளநீரும் மோரும் வாசல் வரையில் வந்தன. அந்தப் பழங்காலத்தை நான் மெச்சிப் புகழ வரவில்லை. பெரியம்மை கண்களைப் பறித்தது, குழந்தைகளைக் கொள்ளை கொண்டது. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு அதை ஒழித்தது தடுப்பூசியேயன்றி வேப்பிலை அன்று. ஆயினும் வேப்பிலை நோயாளியைக் குற்றவாளி ஆக்கவில்லை, தகரம் ஆக்கியது.

தனிமை என்பது கோடியக்கரைக்குப் பழைய துக்கம். இங்குள்ள கோடிக்குழகர் கோயிலுக்குச் சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரர், கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில் குடிகளும் அருகில்லாமல் இறைவன் இப்படித் தனியே இருக்கிறானே என்று கண்டு மனம் நொந்து பாடினார். அண்ட சராசரத்துக்கும் நாயகனாகிய ஈசனைப் பார்த்தே, உனக்குத் துணை யார், பக்கத்தில் நாலு பேர் குடியிருந்தால் என்ன குற்றம் என்று பரிந்து கேட்ட நெஞ்சம் அது. கடவுளின் தனிமையையே தாங்க முடியாத அந்தப் பக்தி, பதினான்கு நாள் அடைத்துவைக்கப்பட்ட ஒரு மீனவனின் தனிமையை எப்படிச் சகித்துக்கொண்டிருக்கும்? வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் வைத்தியத்தின் அங்கங்களை எண்ணும்போது, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், உடனிருந்து பேணுகிறவனையும் சேர்த்தே நான்கென்று எண்ணினார். நாம் நோயாளியைக் கண்டுபிடிக்கும் கலையில் வெகுதூரம் முன்னேறி, அந்த நாலாமவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். நோயின் தன்மையால் அவன் உள்ளே போக இயலாது என்பது மெய். வாசலில் நின்று குரல் கொடுக்கக்கூடவா இயலாது?

கூலியின் கணக்கும் இதில் சேர்ந்தது. ஊரடங்கு வந்த மாதங்கள் உப்பளத்தில் வெயில் ஏறி உப்பு விளையும் மாதங்கள். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவளுக்கு அன்றாடக் கூலிதான் அன்றாடச் சோறு. 2020-இல் அரிசி அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும், 2021-இல் இரண்டு தவணைகளில் 4000 ரூபாயும் அரசாங்கம் கொடுத்தது. அது பல அடுப்புகளை அணையாமல் வைத்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அந்த உதவி முடங்கிக் கிடந்த எல்லோருக்கும் பொதுவாக வந்தது. தன்னால் பிறருக்கு வரும் பயத்தைப் போக்கும்பொருட்டு ஒருத்தி சோதனை செய்துகொண்டு, அதன் காரணமாகவே இழக்கிற பதினான்கு நாள் கூலி வேறு கணக்கு. அந்தக் கூலியை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பதும், தண்ணீர்க் குடத்தையும் அரிசியையும் யார் கொண்டுவந்து வைப்பது என்று முன்னதாகவே ஊரார் பேசி வைத்துக்கொள்வதும், பஞ்சுக் குச்சியையும் கண்ணாடிக் குழாயையும் போலவே சோதனையின் உபகரணங்கள். அடுத்த கொள்ளைநோய்க்கு ஆயத்தம் செய்கிறவர்கள் இவற்றையும் அதே பட்டியலில் எழுதி, அதே வரவு செலவுத் திட்டத்தில் பணமும் ஒதுக்க வேண்டும்.