தலை தட்டியா, குமித்தா?

எங்கள் அப்பாரு களத்தில் தானியம் அளக்கும்போது முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "தலை தட்டியா, குமிச்சா?" வாங்க வந்தவர் பதில் சொன்ன பிறகுதான் படியில் கை வைப்பார். தலை தட்டுவது என்றால் படியின் வாய்க்கு மேலே நிற்பதை உள்ளங்கையால் வழித்துத் தள்ளிவிடுவது. குமிப்பது என்றால் கோபுரமாக நிற்கிற வரை நிற்கவிட்டு அப்படியே சாக்கில் கவிழ்ப்பது. இரண்டுக்கும் பெயர் படிதான். முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே போவார். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிய நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

கோவையில் தலைமை அலுவலகம், சுற்று மாவட்டங்களில் கிளைகள் என்று நடக்கும் ஒரு மளிகை நிறுவனத்தில் தரவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாத விற்பனை, பில் ஒன்றுக்குச் சராசரி, திரும்பி வந்த சரக்கு என்று முப்பது சொச்சம் மெட்ரிக்குகள். நிர்வாகம் திங்கட்கிழமை காலையில் திறந்து பார்க்கும் டாஷ்போர்டு என் பொறுப்பு. 2023 வரை அந்த எண்களெல்லாம் கிளைகளில் ஓடிய பழைய பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸிலிருந்து வந்தன. அந்த ஆண்டு எல்லாக் கிளைகளின் கணக்கும் ஒரே கிளவுட் கிடங்குக்குப் போனது. டாஷ்போர்டையும் அதோடு இணைக்க வேண்டியிருந்தது.

டாஷ்போர்டு ஓடும் டேப்ளோ மென்பொருளில் அது சில நிமிட வேலை. புதிய மூலத்தை இணைத்து, டேட்டா மெனுவில் 'ரீப்ளேஸ் டேட்டா சோர்ஸ்' கொடுத்து, பழையது எது, புதியது எது என்று காட்டினால் போதும். வரைபடங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், அடியில் ஊற்று மட்டும் மாறிவிடும். பழைய ஃபீல்டின் பெயர் புதிய மூலத்தில் இல்லையென்றால் அதன் பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி வரும். அன்று எனக்கு நான்கு இடத்தில் சிவப்பு வந்தது, நான்கையும் சரிசெய்தேன். 'நெட் அமவுண்ட்' என்ற ஃபீல்டுக்குக் குறி வரவில்லை. இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர். கருவி பெயரைப் பெயரோடு ஒப்பிடுகிறது. பொருளை ஒப்பிட வேண்டியவள் நான்.

பழைய மென்பொருளில் 'நெட்' என்பது தள்ளுபடி போக, ஜிஎஸ்டி சேர்த்து, வாடிக்கையாளர் கொடுத்த தொகை. புதிய கிடங்கில் 'நெட்' என்பது தள்ளுபடியும் போய் ஜிஎஸ்டியும் போய் நிற்பது. கணக்குப் பிரிவு தெரிந்தேதான் அப்படி அமைத்திருந்தது. அதில் நியாயமும் உண்டு. வரி நம் வருமானம் அல்ல, அரசுக்குப் போக வேண்டிய பணம் நம் கல்லாவில் சில நாள் தங்கிப் போகிறது. கிடங்கின் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரியும் இருந்தது. அதைப் படித்தேன். விற்பனை கொஞ்சம் குறைந்து தெரியும், ஆனால் இதுதான் சரியான எண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வேறு யாருக்கும் சொல்லாமல் வெளியிட்டேன்.

குறைவது எல்லாக் கிளைக்கும் ஒரே விகிதத்தில் குறையும் என்று நினைத்திருந்தேன். அளந்து விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் வரி இல்லை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அப்போது 18 சதவீதம். ஐந்து கிலோ சில்லறை அரிசி 260 ரூபாய், சோப்பும் பிஸ்கட்டுமாக 236 ரூபாய் என்று ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மூலத்தில் அது 496. புதியதில் அரிசியின் 260 அப்படியே இருக்கும், 236 மட்டும் 200 ஆகும், மொத்தம் 460. கிராமத்தை ஒட்டிய கிளையில் அரிசி பருப்புதான் அதிகம் போகும், அங்கே எண் அசையவே இல்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கிளையில் சோப்பும் பிஸ்கட்டும்தான் வியாபாரம், அங்கே எண் சரிந்தது. கிளைகளின் வரிசை புரண்டது. மாத இலக்குகளோ பழைய எண்ணை வைத்து ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டவை.

அடுத்த மாதம் ஒரு கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், எங்க கடைல கூட்டம் குறையலைங்க. கல்லா எண்ணி நான்தானுங்க பேங்க்ல கட்டினேன். பணம் அப்படியேதான் இருக்குது, விற்பனை மட்டும் எங்கீங்க போச்சு?" பதினெட்டு வருடமாக அங்கே இருப்பவர். ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரிடம் காரணம் கேட்டிருக்கிறார்கள். ஊக்கத்தொகை நின்றுவிட்டது. அதைவிட என்னை அறுத்த செய்தி ஒன்று உண்டு. எண் பொய் சொல்லாது என்று நம்பி அவரும் காரணம் தேடியிருக்கிறார். கவுண்டர் பையன் ஒருவன் சரியில்லையோ என்று சந்தேகப்பட்டு அவனை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்.

அன்று இரவு இரண்டு மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். பழைய எண், அந்தக் கிளையின் கல்லாவும் கார்டும் யுபிஐயும் சேர்ந்த தொகையோடு பைசா பிசகாமல் பொருந்தியது. புதிய எண், கணக்குப் பிரிவு ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிய மதிப்போடு அதேபோலப் பொருந்தியது.

ஓர் அறிவு மெய் என்பது எப்படித் தெரியும் என்று நம் பழைய தருக்கிகள் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறார்கள். அறிவு தோன்றும்போதே மெய்ம்மையோடுதான் தோன்றுகிறது, அதை மறுக்கும் வேறோர் அறிவு வரும்வரை அது மெய்யே என்பது மீமாம்சகர் கட்சி. அறிவின் மெய்ம்மை வெளியிலிருந்துதான் உறுதிப்பட வேண்டும், தூரத்தில் தண்ணீரைக் கண்டவன் நடந்துபோய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால்தான் கண்டது தண்ணீர் என்பது நியாய நூலார் கட்சி. என் இரண்டு எண்களையும் இரண்டு கட்சியின் முன்னும் நிறுத்திப் பார்த்தேன். ஒன்றைக் குடித்தால் கல்லாவின் தாகம் தீர்ந்தது, மற்றதைக் குடித்தால் வரிக்கணக்கின் தாகம் தீர்ந்தது. இரண்டும் மெய். அப்படியென்றால் அந்த மேலாளரைக் கூட்டத்தில் தலைகுனிய வைத்த பொய் எந்த வழியாக நுழைந்தது?

விடை எனக்கு வகுப்பறையில் கிடைத்தது. மாதம் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அப்போது சிவஞான சித்தியார் நடந்துகொண்டிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த நூல். சொந்தக் கொள்கையைச் சொல்லும் அதன் சுபக்கப் பகுதியில், இறைவன், உயிர், தளை என்னும் பதி, பசு, பாசம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அளவை வருகிறது. இன்னதை அறிந்தேன் என்று சொல்லும் முன் எதனால் அறிந்தாய் என்று சொல் என்பதுதான் அந்த வைப்புமுறை. தமிழில் 'அளவை' என்ற ஒரே சொல்தான் அப்பாருவின் படிக்கும் பெயர், அறிவுக்கு வழியான பிரமாணத்துக்கும் பெயர். நெல்லை அளப்பதும் உண்மையை அளப்பதும் நம் முன்னோர் காதில் ஒரே வேலையாக ஒலித்திருக்கிறது.

அளவைகள் எத்தனை என்பதில் சமயங்கள் ஒத்துப்போவதில்லை. மணிமேகலையில் அளவைவாதி பத்து என்று விரிக்கிறான். அதே காப்பியத்தில் அறவண அடிகள் புத்தர் கொண்டவை இரண்டே என்கிறார். சித்தியார் பத்தையும் எடுத்துச் சொல்லி, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. ஆசிரியர் இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது என் மனம் டாஷ்போர்டில் இருந்தது. திரையில் தெரியும் எண் இந்த மூன்றில் எது?

காட்சி என்றே எல்லோரும் நினைக்கிறோம். "டாஷ்போர்டைப் பார்த்தீர்களா?" என்றுதான் கேட்கிறோம். கண்ணால் கண்டதைப் போல அதை நம்புகிறோம். ஆனால் அந்த விவகாரத்தில் காட்சி அளவை ஒரே ஒருவரிடம்தான் இருந்தது, இரவில் கல்லாவை எண்ணிய அந்த மேலாளரிடம். நிர்வாகத்திடம் இருந்தது உரை. யாரோ ஒருவர் "இது இந்த மாத விற்பனை" என்று சொல்லியிருக்கிறார், கேட்டவர்கள் ஏற்றிருக்கிறார்கள். அந்த உரை, படமாகவும் நிறமாகவும் வந்ததால் காட்சியைப் போல வேடம் கொண்டது. அந்த வேடத்தின் முன் நிஜமான காட்சி தோற்றது.

உரை அளவை என்று ஆனதும், சொன்னவர் யார் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. நம்பத்தக்கவர் சொல்லே உரை அளவை என்கிறது நியாய சூத்திரம். யார் நம்பத்தக்கவர்? அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் கூறும் இலக்கணம் எளிமையானது: பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சேர்க்கிறார். அப்படியானால் மளிகை நிறுவனத்தின் தரவுப் பிரிவில் இருப்பவளுக்கும் அது பொதுதான். முதல் பாதி என்னிடம் இருந்தது. 'நெட்' மாறியது எனக்குத் தெரியும். இரண்டாம் பாதியை நான் செய்யவில்லை. எண்கள் இரண்டும் மெய்யாக இருந்தும் பொய் நுழைந்த வாசல் என் மௌனம்.

ஒரு தடை எழலாம், நானே அதை எழுப்பிப் பார்த்தேன். பெயருக்குக் கீழே நிலையான பொருள் எங்கே இருக்கிறது? பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைப் பற்றிக் கேட்டது இதைத்தானே? சக்கரம் தேரா, அச்சு தேரா? இல்லை, எல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் ஒரு பெயர்தான் தேர். அதுபோல 'விற்பனை' என்பதும் வழக்கில் வந்த ஒரு பெயர், அடியில் எதை வைத்தால் என்ன என்று சொல்லிவிடலாமே? இந்த வாதம் என் பக்கம் பேசுவது போல வந்து என்னையே குற்றவாளி ஆக்கியது. அடியில் நிலையான பொருள் ஒன்று இருந்தால் பெயர் அதைப் பற்றிக்கொண்டு நிற்கும். அப்படி ஒன்று இல்லையென்றால் பெயர் நிற்பது பேசுவோரும் கேட்போரும் கொண்ட உடன்பாட்டின் மேல் மட்டும்தான். உடன்பாடு இருவர் சொத்து. அதை ஒருவர் தனியே மாற்ற உரிமை இல்லை. படி என்பது வெறும் வழக்கு என்பதால்தான் அப்பாரு ஒவ்வொரு முறையும் கேட்டார்.

பெரிய அளவில் இதே காரியம் நாட்டில் நடந்திருக்கிறது. 2015 ஜனவரியில் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் நாட்டு வருமானக் கணக்கின் அடிப்படை ஆண்டை 2004-05இலிருந்து 2011-12க்கு மாற்றியது. தனியார் நிறுவனங்களின் கணக்குக்கு, அதுவரை பயன்பட்ட சில ஆயிரம் நிறுவனங்களின் மாதிரியை விட்டு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ21 தரவுத்தளத்தில் லட்சக்கணக்கான நிறுவனங்கள் தாக்கல் செய்யும் கணக்குகளுக்கு மாறியது. 2013-14ஆம் ஆண்டின் வளர்ச்சி பழைய தொடரில் 4.7 சதவீதம், புதிய தொடரில் 6.9 சதவீதம். அதே நாடு, அதே ஆண்டு, அதே 'வளர்ச்சி'. புதிய மூலம் சரியா என்று பொருளியலாளர்கள் பல ஆண்டு வாதாடினார்கள். அந்த வாதம் நடக்க முடிந்ததே, மூலம் மாறியது அறிவிக்கப்பட்டதால்தான். சொல்லிவிட்டு மாற்றினால் கேட்பவர் மறுக்கலாம். சொல்லாமல் மாற்றினால் அவருக்கு மறுக்கும் வழியே அடைபடுகிறது. அந்த மேலாளர் தன் கையிருப்பை எண்ணிப் பார்த்தும் தன் கடையையே சந்தேகப்பட்டது அதனால்தான்.

சரியானதைத்தானே கொண்டுவந்தோம் என்ற சமாதானம் எனக்குள் நீண்ட நாள் இருந்தது. வரியை நீக்கிப் பார்ப்பது மேலான அளவை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் மேலான அளவைக்கு மாறுகிறவருக்கு அறிவிக்கும் கடமை கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. தன் பக்கம் சரி என்ற நிச்சயம்தான் பிறரிடம் கேட்கத் தோன்றாமல் செய்கிறது.

சித்தாந்தம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. கண்ணும் விளக்கும் பொருளைக் காட்ட உதவினாலும் அவை தம்மளவில் அளவை ஆகா, ஏனென்றால் அவையும் அறியப்படும் பொருள்களே. ஐயமும் திரிபும் நீங்கிய ஆன்மாவின் அறிவாற்றலே உண்மையான அளவை. பழைய டேட்டாபேஸும் புதிய கிடங்கும் எனக்கு இரண்டு விளக்குகள். ஒரு விளக்கை அணைத்து இன்னொன்றை ஏற்றும்போது நிழல் இடம் மாறும். அதைச் சொல்ல விளக்குக்கு வாய் இல்லை.

மறுநாள் நிர்வாகத்துக்கு நடந்ததை எழுதினேன். 'மாத விற்பனை' என்ற பெயரையே எடுத்துவிட்டு, 'வரியோடு விற்பனை', 'வரி நீங்கிய விற்பனை' என்று இரண்டாகப் பிரித்தேன். இலக்குகளை இரண்டு அளவையிலும் திருத்திப் போட்டோம். வரைபடத்தில் மூலம் மாறிய தேதியில் செங்குத்தாக ஒரு கோடு. அந்த மேலாளருக்கு நின்றுபோன ஊக்கத்தொகை அடுத்த சம்பளத்தோடு வந்தது. மாற்றப்பட்ட பையனைப் பற்றி விசாரித்தேன். அவன் புதிய கிளையிலேயே இருந்துவிட்டான், திரும்பி வர விரும்பவில்லை என்றார்கள். கோடு போட்டுத் திருத்த முடியாத இடமும் உண்டு.

இப்போது ஒவ்வொரு மெட்ரிக்கின் கீழும் சிறிய எழுத்தில் மூன்று செய்தி இருக்கும்: எங்கிருந்து எடுத்தது, எதைச் சேர்த்து எதைக் கழித்தது, கடைசியாக மாற்றியது யார். மூன்றாவதற்கு எதிரே என் பெயர் இருக்கிறது. மூலத்தை மாற்றும் நாள் வரும்போதெல்லாம், பட்டனை அழுத்தும் முன் கிளைகளுக்கு ஒரு கடிதம் போகும். போன வாரம் அப்படி ஒன்று எழுதினேன். முதல் வரியை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தலை தட்டி அளக்கப் போகிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தேன்.