பழம் கிடைக்காத பிள்ளை

 

பழனி தல வரலாறு நமக்கெல்லாம் மனப்பாடம். பழம் அண்ணனுக்குப் போயிடுச்சுன்னு தெரிஞ்சதும், உலகத்தையே சுத்தி வந்த பிள்ளை கோவணத்தோட மலையில போய் நின்னார். அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நாம வேகமா தாண்டிடுறோம். அம்மையப்பன் கைலாயத்துல இருந்துக்கிட்டே "இதுக்கெல்லாமா கோபம், வா"ன்னு கூப்பிடலை. பிள்ளை நின்ன இடத்துக்கே வந்தாங்க. விநாயகர்கிட்ட இருந்து பழத்தைப் பிடுங்கியும் தரலை. "பழம் நீ"ன்னாங்க.

இதை எழுதக் காரணம் எங்க அக்கா பையன். மூணாம் வகுப்பு. ஸ்கூல் வேன் வர்ற நேரத்துக்குச் சரியா தினமும் வயித்து வலி. டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். ஒருநாள் ராத்திரி திருநீறு பூசி விடும்போது, "யாரும் என்னை ஆட்டத்துக்குச் சேர்த்துக்க மாட்டேங்குறாங்கம்மா"ன்னான்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?"ன்னார் எங்கப்பா. (எங்க ஆபீஸ்லயும் சில பேர் இப்படித்தான், பிரச்சினையே இல்லைன்னு எழுதி டிக்கெட்டை மூடிடுவாங்க.) அத்தான் அந்தப் பசங்க வீட்டுக்குப் போன் போடக் கிளம்பிட்டார். அக்கா ரெண்டு பேரையும் நிறுத்தினா. அவன் பக்கத்துல தரையில உக்காந்து, "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்ல கண்ணா"ன்னு மட்டும் சொல்லி, அழுது முடிக்கிற வரைக்கும் இருந்தா. அடிக்கிறாங்களா, பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறாங்களான்னும் கேட்டுக்கிட்டா. அப்படி இருந்தா நேரா டீச்சர்கிட்ட போயிடணும். இங்க அது இல்லை.

மறுநாள், "உன்னை மாதிரியே தனியா சாப்பிடுற பையன் வேற யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டா. புதுசா சேர்ந்த ஒருத்தன் இருந்தான். கிருத்திகை அன்னைக்கு அவனையும் அவங்கம்மாவையும் வீட்டுக்குக் கூப்பிட்டா. பசங்க ரெண்டு பேரும் மயில் வரைஞ்சு கலர் அடிச்சாங்க. அந்த மயிலுக்கு ஏன் அஞ்சு காலுன்னு முருகனுக்குத்தான் வெளிச்சம்.

பழைய கூட்டம் இன்னும் அவனைச் சேர்த்துக்கலை. சில நாள் முகம் வாடித்தான் வர்றான். ஆனா வயித்து வலி இல்லை. முருகனும் அன்னைக்குக் கைலாயம் திரும்பலை, பழனியே அவரோட இடம் ஆயிடுச்சுன்னு அவன்கிட்ட சொன்னேன்.

"அப்போ மலையில அவருக்கு யாரு மாமா ஃப்ரெண்டு?"

"இடும்பன்டா. முதல்ல சண்டைக்கு வந்தவர், அப்புறம் காவலுக்கே நின்னுட்டார். படியேறும்போது வழியில சன்னதி இருக்கு."

பரீட்சை லீவுக்குப் பழனி போறோம். அந்தப் புதுப் பையனும் வர்றான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!