அளந்து காட்டுவதே அறம்

அரிசியை ஆழாக்கில் அளக்கிறோம். துணியை முழம் போட்டு அளக்கிறோம். பொன்னைக் குன்றிமணி எடைவரை நிறுக்கிறோம். உயிர் காக்கும் நீரை மட்டும் ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம்! நேற்று உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் செலவாயிற்று என்று கேட்டால், நகரத்தாரில் எத்தனை பேர் விடை கூறுவர்? மின்சாரத்துக்குக் கணக்கு வருகிறது. யூனிட்டைப் பார்த்து விசிறியை நிறுத்துகிறோம். நீருக்கோ, சென்னையின் பெரும்பாலான வீடுகளில் நெடுங்காலமாக அளவுமானியே கிடையாது. பத்துக் குடம் பிடித்தவரும் பத்தாயிரம் லிட்டர் இறைத்தவரும், தாம் எவ்வளவு செலவிட்டோம் என்பதை அறியாமலே கட்டணம் கட்டி வந்தனர்.

அறியாமல் வீணாக்குபவன் குற்றவாளியா? இதுவே நம்முன் நிற்கும் அறக்கேள்வி. ஆம் என்போர் அறிவுரை பொழிவர். சுவரெங்கும் சிக்கனம் எழுதுவர். நாம் கேட்கிறோம்: எவ்வளவு செலவிடுகிறோம் என்றே அறியாதவனிடம் குறைத்துக்கொள் என்பது, கண்ணைக் கட்டிவிட்டுக் காலைப் பார்த்து வை என்பது போன்றதன்றோ? அறிந்தவனுக்கே பொறுப்பு. ஆகவே பொறுப்பைக் கேட்குமுன் அறிவைக் கொடுங்கள், அளவைக் காட்டுங்கள்!

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று, சோலையார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் இரயிலேறிச் சென்னைக்கு வந்தது. அதற்குமுன் கோயில்களில் மழை வேண்டி யாகம் நடந்தது. மேகத்தின் கணக்கைத் தெய்வத்திடம் கேட்டவர்கள், வீட்டின் கணக்கைக் குழாயிடம் கேட்கவில்லை!

கணக்கைக் காட்டினால் பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் காப் வட்டாரத்தில், 2007-ல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டு சோதித்தனர். சிக்கனக் குறிப்புகள் மட்டும் பெற்ற வீடுகளில் பயன் நூற்றுக்கு 1 அளவே. குறிப்புகளோடு, தம் செலவையும் பிறர் செலவையும் அருகருகே கண்ட வீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 குறைந்தது. மிகுதியாகச் செலவிட்டவரே மிகுதியாகக் குறைத்தனர். உபதேசம் தோற்ற இடத்தில் எண் வென்றது!

எனினும், காட்டும் முறையில் கவனம் வேண்டும். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் மின்சாரம் பற்றி நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், சராசரிக்குக் கீழே இருந்தோர் சராசரியை அறிந்ததும் செலவை உயர்த்தினர். தாளில் பாராட்டாகச் சிரித்த முகமொன்று வரைந்து அனுப்பப்பட்டோரிடம் அவ்வுயர்வு இல்லை. பள்ளியில் பாடம் நடத்தும் நாம் அறிவோம்: மதிப்பெண் மட்டும் போதாது, 'நன்று' என்ற சொல்லும் வேண்டும்.

அதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு: யாருக்குக் காட்டுவது? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், 2018-ல் குழாய்கள் வற்றும் நாளை நாள் குறித்து எதிர்பார்த்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பிட்டது. அணையின் இருப்பை ஊரறிய வெளியிட்டது. குறைவாகச் செலவிட்ட வீடுகளுக்கு வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்தது. கட்டணமும் கட்டுப்பாடும் கூடின. 2015-ல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கோடி லிட்டராக இருந்த செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நாள் வரவேயில்லை.

வெற்றிதான், ஆனால் மறுபக்கமும் காண்க. அதே நகரத்தில், வறட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே, ஏழையர் வீடுகளில் 350 லிட்டர் ஓடியதும் தானே அடைத்துக்கொள்ளும் கருவிகளைப் பொருத்தினர். மக்கள்தொகையில் நூற்றுக்கு 14 பேரான வசதி படைத்தோர் நகர நீரில் பாதியைச் செலவிடுகின்றனர் என்று 2023-ல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. மாளிகைக்குப் புள்ளி, குடிசைக்குப் பூட்டு! இது அறமாகுமா? தெருக்குழாயில் நான்கு குடம் பிடிக்கும் தாய்க்குச் சிக்கனம் போதிக்க எவருக்கும் உரிமையில்லை. அவள் தோளே அவளுக்கு அளவுமானி! அளவுமானி முதலில் ஏற வேண்டிய இடம் நீச்சற்குளமும் நட்சத்திர ஓட்டலும் புல்வெளி மாளிகையும்தான்.

அளப்பது உரிமையில் தலையிடுவதாகும் என்பாரும் உளர். ஆணை உடலை அடக்குகிறது. எண்ணோ அறிவோடு பேசுகிறது. தன் கணக்கைத் தானே கண்டு தானே முடிவெடுப்பவன் அடிமையல்லன். அவனே குடிமகன்.

தோழர்களே! அரசு அளவுமானி தரும்வரை காத்திருக்க வேண்டா. மாடித் தொட்டி 1,000 லிட்டர்; நாளைக்கு இருமுறை நிரம்பினால் 2,000; வீட்டில் ஐவர் என்றால் ஆளுக்கு 400! பாதாளச் சாக்கடையுள்ள நகரங்களுக்கு நாட்டில் வகுத்த அளவு 135; பெருநகரங்களுக்கு 150. இந்தக் கணக்கை உங்கள் வீட்டில் இன்றே போடுங்கள். அடுக்குமாடியின் அறிவிப்புப் பலகையில், பெயர் குறிக்காமல், மொத்தத்தை எழுதுங்கள், குறைந்தால் பாராட்டுங்கள். பின்னர் நகராட்சியிடம் சென்று, பெருஞ்செலவினர் கணக்கைக் கேளுங்கள். தன் கணக்கைக் காட்டியவனுக்கே பிறர் கணக்கைக் கேட்கும் தகுதி உண்டு!