தூண்டிலும் தோழமையும்

மனிதனை மனிதனோடு பிணைப்பது யாது? பிறப்பு என்பர் சிலர். இரத்தம் என்பர் சிலர். ஊர், மொழி, கோயில் என்று அடுக்குவாரும் உளர். இவையெல்லாம் நாம் கண் விழிக்குமுன்னரே நம் தலைமேல் ஏற்றப்பட்டவை; நாமாகத் தேடிக்கொண்டவை அல்ல. நாமாகத் தேடிக்கொள்ளும் உறவு எவ்வாறு உண்டாகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எவ்விடத்தில் அறுந்துபோகிறது என்பதை ஆராய விரும்புவோன் பெரிய நூல்களைப் புரட்டுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீர்நிலை ஒன்றின் கரைக்குச் சென்று, அங்கே தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்போரைச் சற்று நேரம் பார்த்துவருவது நலம்.

கிந்தாப் பள்ளத்தாக்கில் இதற்காக அலைய வேண்டியதில்லை. ஈப்போ, பத்து காஜா, கம்பார், தஞ்சோங் துவாலாங் என எப்பக்கம் திரும்பினும் ஈயக் குட்டைகள் கண்ணிற் படும். நூறாண்டுக் காலம் ஈயம் தோண்டிய பள்ளங்கள் அவை. 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின் எஞ்சியிருந்த லம்பங்களிலும் பல மூடப்பட்டன. ஊற்று நீரும் மழை நீரும் நிரம்பிப் பள்ளங்கள் ஏரிகளாயின. குட்டை என்பது பெயரளவிலேதான். அவற்றுட் சில நம் முன்னோர் ஊர்களின் ஏரிகளுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. தோண்டியவர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். முதல் போட்டு இலாபம் கொண்டவர் சீன முதலாளிகளும் வெள்ளைக்காரக் கம்பெனிகளும். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழனுக்கு அந்த ஈயத்தில் பங்கு இருந்ததில்லை. ஈயம் போனபின் எஞ்சிய நீரில்தான் அவனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

அந்நீரில் திரியும் மீன்களின் வரலாறும் கேட்கத்தக்கதே. மலாய்க்காரர் ஹாருவான் என்பதை நாம் விரால் என்கிறோம். அது இம்மண்ணுக்கும் உரியது, தமிழ்நாட்டு மண்ணுக்கும் உரியது. திலாப்பியாவோ ஆப்பிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டது. ஜப்பானியர் இந்நாட்டை ஆண்ட 1942–1945 காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சயாம் இரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போகப்பட்டுக் காட்டிலே மடிந்தனர். மீன் வந்தது, மனிதர் திரும்பி வந்திலர். 1952-இல் அம்மீன் இந்தியாவுக்கும் போயிற்று; தமிழ்நாட்டார் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று இனிப்பாகப் பெயர் வைத்துக்கொண்டனர். முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும் தாய்மீன் அது. எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். மற்ற மீன்களுக்கு இடம் விடாமற் பெருகியும் விடும்.

நிற்க. இக்குட்டைக் கரைகளில் தோழமை பிறப்பதற்கு முதற் காரணம் அச்சமே என்றால் வாசகர் வியக்கலாம். இயற்கை ஏரியின் கரை படிப்படியாகச் சரியும். ஈயக் குட்டையின் கரையோ இரண்டடி எடுத்து வைத்தால் ஆளை விழுங்கும் ஆழம். அடியிலே கிடப்பது லம்பத்துக் கழிவுச் சேறு. கால் புதைந்தால் மீட்பது அரிது. இவ்வாறு மாண்ட சிறுவர் எத்தனையோ பேர். ஆகையினால் அறிந்தவன் தனியே போகான். முதியவன் இளையவனை உடன் அழைத்துச் சென்று, "அந்தப் புல் விளிம்புக்கு அப்பால் கால் வைக்காதே" என்று காட்டித் தருகிறான். ஒருவன் உயிருக்கு மற்றொருவன் பிணையாக நிற்கும் இடத்தில் உறவுக்கு வேறு முகவுரை வேண்டுமோ?

இரண்டாவது காரணம், அங்கே மேலாள் இல்லாமை. தோட்டத்திலும் நம்மவர் கூடித்தான் உழைத்தனர். நிரை பிடித்துத்தான் மரம் வெட்டினர். ஆயினும் அந்தக் கூட்டத்தைக் கூட்டியது கிராணியின் பேரேடு. அதை நடத்தியது மண்டோரின் குரல். நீர்க்கரையில் எவன் பெயரையும் எவனும் கூப்பிடுவதில்லை. மீன் இரை கொள்ளும் இடத்தை ஒருவன் அறிந்துவைத்திருக்கிறான். அதை மறைக்கலாம், சொல்லவும் செய்யலாம். சொன்னானேயாகில் அது தானம். செம்பனைப் பழத்தில் பாதியைக் கிள்ளி அடுத்தவன் தூண்டில் முள்ளில் குத்திக் கொடுப்பதும் தானமே. கணக்கெழுதாத இத்தகைய கொடுக்கல் வாங்கல்களாலேயே நட்பு கட்டப்படுகிறது.

தந்தை மக்கள் விஷயமும் இத்தகையதே. லயத்து வீடுகளில் தகப்பன் பிள்ளையோடு பேசியதெல்லாம் பெரும்பாலும் கட்டளையாகவோ வசவாகவோ இருந்தது. விடியுமுன் பெரட்டு, பகலெல்லாம் வெட்டு, மாலையில் களைப்பு. சம்பள நாளானால் கள்ளுக்கடை. இன்று லயங்கள் பலவும் போய்விட்டன, அடுக்குமாடியில் வாழும் தகப்பன் லாரியும் தொழிற்சாலையும் தின்ற எச்சமாக வீடு வருகிறான், அவனும் பேசுவதில்லை. ஆனால் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேச முடியாததைப் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்து, ஒரே மிதப்புத் தக்கையைப் பார்த்துக்கொண்டு பேசிவிட முடியும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. உடனே பதில் சொல்ல வேண்டியதுமில்லை. ஒரு மணி நேர மௌனத்துக்குப் பின் பிள்ளை, "அப்பா, எனக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொல்லுவான். கம்பை எடுக்காமல் அதைக் கேட்கத் தகப்பனாலும் முடியும், ஏனெனில் அவன் கையிலிருக்கும் கம்பு வேறு வேலையாக இருக்கிறது.

இவ்விடத்தில் ஜீவகாருண்யம் பேசும் அன்பர்க்கு ஒரு வார்த்தை. உயிர்க்கொலையை முற்றும் விலக்கினோரை நாம் வணங்குகிறோம். ஆனால் மீன் குழம்பை வழித்து உண்டுவிட்டு, வலை வீசுவோனை இழிதொழிலோன் என்று கூறுவோரிடம் வணங்கத்தக்கது யாதொன்றுமில்லை. மீன் பிடிப்போர்க்கும் ஓர் அறம் உண்டு. விரால் தன் செந்நிறக் குஞ்சுகளைக் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு திரியும். நீர்மேல் அக்கூட்டம் தெரியும்போது அடியிலே தாய் தந்தை காவல் நிற்கும். அவற்றைக் குறிவைத்து எறிவது எளிது. எளிது என்பதனாலேயே தகாது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் தகப்பன் மீன் பிடிக்க மட்டுமா கற்பிக்கிறான்?

இனி, இத்தோழமை கரையை விட்டு வீடுவரை வருமா என்பதே வினா. பல்லாண்டு கூடிப் பழகினால் வேற்றுமைகள் தாமே தேய்ந்துபோகும் என்று மெத்தனமாகச் சொல்லுவோர் பலர். அவர்கள் நம் முன்னோர் விட்டுவந்த சீமையின் ஒரு காட்சியைக் காண வேண்டும்.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களில் கோடை வந்து கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். நாள் குறித்துச் சுற்றூர்களுக்குச் சொல்லி விடுவர். விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர், சில ஊர்களில் ஆயிரக்கணக்கானோர், கரை நெடுகக் காத்து நிற்பர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஓடி நீரில் இறங்குவர். வலை உண்டு, கச்சா உண்டு. ஊத்தா என்னும் அடியில்லாத மூங்கிற் கூடும் உண்டு. அதைச் சேற்றிலே கவிழ்த்து, மேல்வாயில் கைவிட்டுத் துழாவி, உள்ளே அகப்பட்ட கெண்டையையோ விராலையோ பிடித்துத் தூக்குவர். பிடித்ததை விற்கலாகாது என்பது பல ஊர்களின் வழக்கம். சமைத்து உண்பர், உற்றார்க்கு அனுப்புவர். அன்றைக்கு ஊர் முழுதும் ஒரே குழம்பு மணம். கண்மாயை மீன் பாசி ஏலத்தில் ஒருவன் எடுத்துக் காவல் போட்டுவிட்டால் இவ்விழாவுக்கு வழியில்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

சேறு பூசிய உடம்பில் ஜாதி தெரிவதில்லை. எவ்வளவு அழகான காட்சி! ஆனால் சேற்றைக் கழுவியபின் நடப்பதென்ன? குளத்தில் மீன் துழாவிய அதே கை குடத்தில் தண்ணீர் மொள்ளக் கூடாது என்று எத்தனை ஊர்களில் எத்தனை தலைமுறை தடுத்தனர்! பம்பாய் மாகாணத்து மகாத் நகரில், மாடும் எருமையும் நீர் அருந்திய சவதார் குளத்தில் மனிதர் நீர் அருந்துவதற்காக 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியதாயிற்று. குளம் தீட்டுப்பட்டதென்று பின்னர் அதற்குச் சுத்திச் சடங்கு செய்தனர் வைதிகர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய்த் தீர 1937 ஆயிற்று. பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. கண்மாய் விழாக்கள் நடக்கும் அதே புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயல் என்னும் ஊரில், தாழ்த்தப்பட்டோர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டி நீரில் 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்டிருக்கக் கண்டனர்.

கூடிப் பழகுவது ஒன்றே போதுமானால், பல தலைமுறை ஒரே கண்மாயில் மீன் பிடித்த மக்களிடையே இவை நடந்திருக்கலாமா? போதாது என்பது வெளிப்படை. போதாமைக்குக் காரணம் அந்த வெள்ளைத் துண்டில் இருக்கிறது என்பது நம் துணிபு. அன்றைய சமத்துவம் ஒருவர் துண்டை வீசித் திறந்துவிட்ட சமத்துவம். எவர் வீசலாம் என்பதில் சமத்துவம் இல்லை. அனுமதியால் வந்தது அனுமதி முடிந்ததும் முடிகிறது. அன்று ஒரு நாள் கலந்ததனாலேயே மற்ற நாள்களின் பிரிவினை மனச்சாட்சியை உறுத்தாமற் போவதும் உண்டு, "நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தானே மீன் பிடிக்கிறோம்!" என்று சொல்லிக்கொள்ளலாமன்றோ?

ஈயக் குட்டையில் துண்டு வீசுவார் எவருமிலர். அந்நீருக்கு எவன் பாட்டனும் பட்டயம் வைத்திருக்கவில்லை. சீனர் தோண்டிய பள்ளத்தில், ஆப்பிரிக்க மீனை, தோட்டத்து மூங்கிலால் பிடித்து, பக்கத்தில் அமர்ந்த மலாய்க்காரத் தோழனிடம் நெருப்புப் பெட்டி வாங்கிக்கொள்ளும் தமிழனுக்கு, அங்கே மேல்துறை கீழ்த்துறை என்று பிரிக்க இடமேயில்லை. இதனால் நாம் உயர்ந்தோர் என்று மார் தட்டிக்கொள்ள வேண்டா. கரையில் இருபது வருடம் ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பகிர்ந்து உண்டவர்கள், மகனுக்குப் பெண் பேசும் நாள் வந்தால் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கள் பெரியவர்கள் ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். கடல் கடந்து மூன்று தலைமுறை ஆனபின் பாட்டனார் ஊரின் பக்கம் இவர்க்கு எதற்கு? வினாவின் பொருள் கேட்பவர்க்கும் தெரியும், கேட்கப்பட்டவர்க்கும் தெரியும். அடுத்த ஞாயிறன்று இருவரும் வெவ்வேறு கரையில் உட்கார்ந்திருப்பர். ஆழத்துக்கு அஞ்சி ஒருவன் கையை ஒருவன் பிடித்த நட்பு, ஒரு கேள்வியில் அறுந்தது. அங்கே துண்டு வீசியவன் வெளியே நின்றான். இங்கே அவன் உள்ளத்துக்குள்ளேயே நிற்கிறான்.

இக்காலத்துக் கட்டணக் குளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு இவ்வளவு, பெரிய மீனுக்குப் பரிசு இவ்வளவு என்ற இடத்தில் அடுத்தவன் தூண்டில் ஆடினால் மகிழ்ச்சி எப்படி வரும்? சிங்கப்பூரில் நீர்த்தேக்கங்களில் குறித்துவிட்ட இடங்களிலேதான் தூண்டில் போடலாம், செயற்கை இரைதான் இடலாம். ஆயினும் அங்கே சென்று அமர்வோர்க்குள் நட்பு உண்டாகத் தடையொன்றுமில்லை. விதி எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கிறது.

ஆனால் மேலே சொன்ன கரைத் தோழமை முழுவதிலும் பாதி மனித குலம் விடுபட்டிருப்பதை வாசகர் கவனித்திருப்பர். கண்மாயில் பெண்ணும் இறங்குகிறாள். நம் குட்டைக் கரையில் அவளைக் காண்பது அரிது. தகப்பனும் மகனும் பேசிக் களித்து மாலையில் கொணரும் மீனைச் சாம்பல் தொட்டு உரசி, செதிள் நீக்கி, குடல் வாங்கி, புளி கரைத்துக் குழம்பாக்குவது அவள் பங்கு. உறவு கரையில் வளர்கிறது. அதன் வேலை அடுக்களையில் நடக்கிறது. கேட்டால், ஆழமான நீர், பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்பர். அதே கிந்தாவின் நீரிலும் மணலிலும் முழங்காலளவு நின்று, மரத் தூலாங்கைச் சுழற்றிச் சுழற்றி ஈய மணல் அரித்தவர் பெரும்பாலும் பெண்கள், சீனத் தாய்மார்கள். கூலிக்கு இறங்கும்போது ஆகின்ற நீர், ஓய்ந்து அமரும்போது மட்டும் ஏன் ஆகாமற் போகிறது?

சிற்சில குடும்பங்கள் இப்போது பாயும் சோற்றுத் தூக்குமாகக் கரைக்கு வருகின்றன. தாய் மரநிழலில் அமர்கிறாள். மகள் ஒரு தூண்டிலைக் கையிலெடுக்கிறாள். அண்ணனைக் காட்டிலும் அவளுக்குப் பொறுமை அதிகம். மாலையில் வீடு திரும்பியபின் அவள் பிடித்த மீனை ஆய்வது யார் என்று மட்டும் விசாரித்துப் பார்க்கத்தக்கது.